விலேம் குபாத் கோட்டை விட்டது

வருகிற சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் காளானைத் தேடிப் போவதில்லை, காளானைப் பற்றிப் பேசுவதில்லை, காளான் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுப்பதுகூட இல்லை என்று விலேம் குபாத் தன் மனைவி மிலாதாவிடம் சத்தியம் செய்து கொடுத்தார்.

அன்றைக்கு அவர்களுடைய முப்பதாவது திருமண நாள். பத்தாவது திருமண நாளில் விலேம் காலையில் ரொட்டி வாங்கப் போனவர், பொழுது சாயும் நேரத்தில் இரண்டு கூடைக் காளானோடு வீடு திரும்பினார். ரொட்டி வரவில்லை. இருபதாவது திருமண நாளில் நகரத்து உணவகத்துக்குப் போகிற வழியில், கார் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்க்க இறங்கினார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். சக்கரத்தில் காற்று இருந்தது. மிலாதாவுக்குத்தான் பேச்சு இல்லை. ஆகவே முப்பதாவதுக்கு அவள் ஒரே ஒரு பரிசு கேட்டாள். காளான் இல்லாத ஒரு நாள்.

விலேம் யோசிக்காமல் சத்தியம் செய்தார். ஏனென்றால் அது திங்கட்கிழமை. மூன்று வாரமாக மழை இல்லை. காடு அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. காய்ந்த காட்டை மனைவிக்காகத் தியாகம் செய்வதில் ஒரு கணவனுக்கு என்ன நஷ்டம்?

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. புதனும் வியாழனும் விடவில்லை. வெள்ளிக்கிழமை பளிச்சென்று வெயில், அதோடு இதமான புழுக்கம். செக் நாட்டுப் பொஹீமியாவில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பல் வைத்தியர், பாதிரியார், வங்கி மேலாளர் எல்லோரும் பரணிலிருந்து பழைய கால்சட்டையையும் கூடையையும் இறக்குகிற நேரம் அது. ஒவ்வொருவருக்கும் காட்டில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைச் சொத்தைப் போலக் காப்பாற்றுவார்கள். சொத்தையாவது உயில் எழுதிக் கொடுப்பார்கள், இடத்தைச் சொல்லாமலே போய்ச் சேருவார்கள்.

விலேம் பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியர். உலகத்தில் எந்த மலை எங்கே இருக்கிறது, எந்த ஆறு எங்கே விழுகிறது என்று முப்பத்தோரு வருஷமாகக் கோல் வைத்துக் காட்டியவர். அவருடைய காளான் இடம் மட்டும் எந்த வரைபடத்திலும் கிடையாது. அடுத்த வீட்டு புரோகோப் எத்தனையோ முறை பீர் வாங்கிக் கொடுத்து வாயைக் கிளறிப் பார்த்தார். பீர் இறங்கியது, இடம் ஏறிவரவில்லை. மனைவிக்கும் சொன்னதில்லை. மனைவிக்குத் தெரிந்தால் அவள் தங்கைக்குத் தெரியும், தங்கைக்குத் தெரிந்தால் வானொலியில் சொன்ன மாதிரி. கணவன் மனைவிக்குள் ஒளிவு மறைவு கூடாது என்பதை விலேமும் ஒப்புக்கொள்கிறவர்தான். காளான் அதில் சேராது என்பது அவர் கட்சி.

எங்கே போகலாம் என்று நீயே சொல் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம், ஜன்னலில் மழை அடிப்பதைப் பார்த்தபடியே மிலாதா பதில் சொன்னாள்.

"ஹவ்ரான் கோட்டைக்குப் போவோம். அங்கதானே நீ என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டே. அந்த மேல்மாடி ஜன்னல்கிட்ட."

காட்டுக்கு நடுவே, குன்றின் உச்சியில், எழுநூறு வருஷமாக நிற்கிறது ஹவ்ரான் கோட்டை. அதன் வடக்கு மதிலுக்குக் கீழே ஒரு சரிவு. சரிவில் விழுந்து கிடக்கும் பீச் என்கிற காட்டு மரம் ஒன்று, அதைத் தாண்டி இரட்டைப் பாறை, அதற்கும் கீழே பாசி பிடித்த அடிக்கட்டை. அதுதான் அந்த இடம்.

"கோட்டையா?" என்று விலேம் முகத்தைச் சுளித்தார். "படி ஜாஸ்தியாச்சே அங்க." பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, உனக்காக வருகிறேன் என்றார். இந்த நடிப்புக்குத் தனக்கு யாராவது மாலை போட வேண்டும் என்று அவருக்கே தோன்றியது.

திட்டம் ஒரு நிமிஷத்தில் தயாராகிவிட்டது. ஹவ்ரான் கோட்டைக்குள் அவரவர் இஷ்டத்துக்குத் திரிய முடியாது. வழிகாட்டி ஒருத்தி கூட்டத்தை அழைத்துப் போவாள். பெரிய சுற்றுக்கு ஒன்றேகால் மணி நேரம். மிலாதா உள்ளே போவாள். விலேம் முட்டிவலி என்று சொல்லி முற்றத்திலேயே உட்கார்ந்துவிடுவார். ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு மனிதன் எவ்வளவு காளான் அறுக்கலாம்? விலேம் மனக்கோட்டை கட்டினார். அதில் எல்லா அறையிலும் காளான் முளைத்திருந்தது.

சத்தியம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். தேடிப் போவதில்லை என்றுதானே சத்தியம்? கோட்டைக்குப் போன இடத்தில் காளான் தானாக எதிரே வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது மரியாதை ஆகாது.

முட்டிவலியை முன்கூட்டியே வரவழைக்க வேண்டும். அன்றைக்கே சமையலறையில் நொண்ட ஆரம்பித்தார். மிலாதா உடனே குதிரைத் தைலத்தை எடுத்து வந்து அவர் இடது முட்டியைத் தேய்த்துவிட்டாள். குதிரைக்கென்று காய்ச்சி மனிதர்கள் பூசிக்கொள்ளும் தைலம் அது. எரிச்சலில் விலேம் கனைக்காத குறை. மறுநாள் காலையிலும் நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தைலத்தைத் திறந்தவள் கொஞ்சம் நிதானித்தாள்.

"நேத்து இடது முட்டிதானே?"

விலேம் பார்த்தார். வலது காலைத் தூக்கி வைத்திருந்தார். "ரெண்டும்தான்" என்றார். "மாறி மாறி வலிக்குது."

"ஓ. முறை வெச்சு வலிக்குதா."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததை விலேம் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினாலும் சிலருக்குச் சில பாடம் ஏறுவதே இல்லை.

சனிக்கிழமை காலை மடக்குக் கத்தியை வலது காலுறைக்குள் செருகினார். மெல்லிய துணிப்பையை மடித்து மேல்சட்டைக்குள் வைத்தார். மிலாதா, போன கிறிஸ்துமஸுக்கு அவர் வாங்கிக் கொடுத்த சிவப்பு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டம் போட்ட துணி மூடிய பிரம்புக் கூடையோடு வந்தாள். மத்தியானச் சாப்பாடு என்றாள். பொரித்த பன்றிக்கறி வைத்த ரொட்டி நான்கு, ஊறுகாய் வெள்ளரி நான்கு. கூடையோ ஒரு பன்றிக்குட்டியே படுத்துப் புரளலாம் என்கிற அளவு. பெண்களுக்கு அளவு தெரிவதில்லை என்று விலேம் மனதுக்குள் சிரித்துக்கொண்டு, அந்தக் கூடையைத் தானே சுமந்து போய்க் காரில் வைத்தார்.

காரைக் கீழே நிறுத்திவிட்டுக் காட்டு வழியாக அரை மணி நேரம் ஏற வேண்டும். ஈர மண் வாசனை மூக்கில் பட்டதும் விலேமின் கால்கள் அவர் சொல் கேட்கவில்லை. குடுகுடுவென்று ஏறினார். மேலேயிருந்து ஒரு கிழவர் கூடையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். கூடைக்கு மேல் பெரணி இலை பரப்பியிருந்தது. வழக்கம் மாற்றாமல் விலேம் கேட்டார், "வளருதா?" வழக்கம் மாற்றாமல் கிழவரும் சொன்னார், "எங்க, ஒண்ணுமே இல்ல." கூடையின் கனத்தில் கிழவரின் வலது தோள் இடது தோளைவிட ஒரு சாண் இறங்கியிருந்தது. விலேமுக்கு வயிறு எரிந்தது.

"காளானைப் பத்திப் பேச மாட்டேன்னு சொன்னியே" என்றாள் பின்னாலிருந்து மிலாதா.

வளருதா என்று பொதுவாகத்தான் கேட்டேன், அவர் பேரப்பிள்ளையைப் பற்றிக்கூட இருக்கலாம் என்றார் விலேம். அப்போதுதான் முட்டிவலி ஞாபகம் வந்தது. மீதி வழியை நொண்டிக்கொண்டே ஏறினார்.

முற்றத்தில் சீட்டுக் கொடுக்கும் சின்ன ஜன்னல் இருந்தது. மிலாதா தானே வாங்கி வருவதாகச் சொல்லிப் போனாள். விலேம் மூச்சை இழுத்துவிட்டு, வலியில் முகம் எப்படிக் கோணும் என்று ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டு திரும்பினார். மிலாதா முன்னாடியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியல விலேம். முட்டி விண்விண்ணுன்னு தெறிக்குது. உன் முட்டியைத் தேய்ச்சுத் தேய்ச்சு எனக்கு ஒட்டிக்கிச்சு போல."

வலி என்று விலேம் தயாராக வைத்திருந்த முகம் அப்படியே நின்றது. ஆனால் இப்போது அதற்கு உபயோகம் இல்லை. தனக்கும் வலிக்கிறதே என்று மெல்ல ஆரம்பித்தார்.

"உனக்கு எப்பவோ சரியாப் போச்சு. மலை ஏறுறப்போ பாத்தேனே, ஆட்டுக்குட்டி தோத்துது. இந்தா, ஒரு டிக்கெட்தான் வாங்கினேன். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

உன்னைத் தனியாக விட்டுவிட்டா போவேன், துணைக்கு இருக்கிறேன் என்றார். மிலாதாவின் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நின்ற அந்த ஜன்னலில் நம் இரண்டு பேருக்காகவும் ஒருத்தராவது போய் நிற்க வேண்டாமா, இதுகூடச் செய்ய மாட்டாயா என்றாள். கலங்கிய கண்ணுக்கு எதிரே வாதாட விலேம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. பக்கத்திலிருந்த நாலு பேர் வேறு அவரையே பார்த்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டார்.

உள்ளே போனதும் ஓடிவந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது. வழிகாட்டி விளாஸ்டா அம்மாள் அதற்கும் மண்ணைப் போட்டாள். இரும்புச் சாவிக்கொத்தும், சிரிப்பே பழகாத முகமுமாக இருந்தாள். மரத்தரை கீறக் கூடாதென்று எல்லோரையும் காலணிக்கு மேல் பெரிய கம்பளிச் செருப்பு மாட்டிக்கொள்ளச் சொன்னாள். இருபது பேரையும் முதல் அறைக்குள் விட்டாள். பின்னால் கதவைச் சாத்தினாள். சாவியைத் திருகினாள்.

கொஞ்சம் வெளியே போக வேண்டுமே என்றார் விலேம்.

"வெளியே போற கதவு பதினோராவது அறையில இருக்கு" என்றாள் விளாஸ்டா அம்மாள். "நாம இப்ப முதல் அறையில இருக்கோம்."

அங்கே ஆரம்பித்தது சிறைவாசம். ஆயுத அறையில் நாற்பது ஈட்டி இருந்தது, நாற்பதுக்கும் வரலாறு இருந்தது. இந்தக் கோட்டையை எந்தப் படையும் பிடித்ததில்லை என்றாள் அவள். ஒரே ஒரு முறை, பிரபு வேட்டைக்குப் போன சமயத்தில் அவருடைய சீமாட்டி வாசற்கதவை உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டாள், பிரபு மூன்று வருஷம் வெளியே கிடந்தார். கூட்டத்திலிருந்த பெண்கள் எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். விலேமுக்கு அந்தப் பிரபு மேல் பொறாமையாக இருந்தது. அவராவது காட்டில் இருந்தார்.

ஏழாவது அறை பிரபுவின் படுக்கையறை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். முப்பது வருஷத்துக்கு முன்னால் விலேம் நின்றது அங்கேதான். கடமைக்கு எட்டிப் பார்த்தார்.

கீழே சரிவில் சிவப்பாக ஏதோ அசைந்தது.

முதலில் எவனோ திருடன் என்று நினைத்தார். பிறகு மேல்சட்டையை அடையாளம் தெரிந்தது. விண்விண்ணென்று தெறித்த முட்டியை மடக்கி மிலாதா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரம்புக் கூடை. பழுப்புத் தொப்பி போட்ட குண்டுக் காளான் ஒன்றை அடியில் அறுத்து, முகர்ந்து பார்த்து, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோலக் கூடைக்குள் வைத்தாள். பீச் மரத்தடியை முடித்துக்கொண்டு எழுந்தாள். அங்கே இங்கே தேடவில்லை. நேரே இரட்டைப் பாறைக்குப் போனாள். அதாவது அவர் போகிற அதே வரிசையில் போனாள்.

கதவை நோக்கிப் பாய்ந்தார். கம்பளிச் செருப்பு அதற்குத் தோதான காலணி இல்லை. வழுக்கிக்கொண்டு போய்க் கயிற்றைத் தாண்டிப் பிரபுவின் கட்டிலில் மல்லாந்தார். நானூறு வருஷமாக யாரும் படுக்காத கட்டில். விளாஸ்டா அம்மாள் அவரைக் காதைப் பிடித்து எழுப்பாததுதான் பாக்கி.

அந்தக் களேபரத்தில் இன்னொரு விபரீதம் நடந்தது. கூட்டத்தில் ஒரு வழுக்கைத் தலையர், இந்த மனிதர் எதைப் பார்த்து இப்படிப் பாய்ந்தார் என்று ஜன்னல் பக்கம் நகர்ந்தார். சட்டையில் காட்டுநடைச் சங்கத்துச் சின்னம் குத்தியிருந்தார்.

"என்ன தெரியுது அங்க?"

விலேம் வழுக்கியபடியே ஓடிவந்து ஜன்னலை முதுகால் மறைத்தார். "மான்" என்றார்.

"செவப்பா என்னமோ தெரிஞ்சுதே."

"செவப்பு மான்."

வழுக்கைத் தலையர் மூக்கை உறிஞ்சினார். "இந்த மழைக்கு வடக்குச் சரிவுல காளான் பூத்துக் கெடக்குமே, இல்லையா?"

அறையில் பத்தொன்பது தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பின. ஈட்டிக்கும் கேடயத்துக்கும் கொட்டாவி விட்ட தலைகள். இவர்கள் எட்டிப் பார்த்தால் தீர்ந்தது. பதினோராவது அறைக் கதவு திறந்ததும் பத்தொன்பது பேரும் சரிவில்தான் நிற்பார்கள், அடுத்த வருஷம் பேருந்து வைத்து வருவார்கள். வேறு வழியில்லாமல் விலேம் இரண்டு கையையும் விரித்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் இடத்தை அவர் மனைவி ஒட்டத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அதற்குக் காவல் நின்றார்.

விளாஸ்டா அம்மாள் ஜன்னலை விட்டு நகரச் சொன்னாள்.

"முடியாதும்மா" என்றார் விலேம். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி, இதே ஜன்னல்ல வெச்சுத்தான் என் மனைவியைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டேன். இன்னிக்கு எங்களுக்குக் கல்யாண நாள்."

சொல்லும்போது கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். ஓர் அம்மாள் தன் கணவரை முழங்கையால் இடித்து, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றாள். வழுக்கைத் தலையர் வெட்கப்பட்டுப் பின்வாங்கினார். விளாஸ்டா அம்மாளே இளகி, சார் கொஞ்ச நேரம் தனியா நினைச்சுப் பார்க்கட்டும் என்று மற்றவர்களை அறையின் மறுகோடிக்கு அழைத்துப் போய்ப் பிரபுவின் தொப்பிகளைக் காட்டினாள். அந்தக் கருணையினால் விலேமுக்கு முழுசாக எட்டு நிமிஷம் கிடைத்தது. மிலாதா பாசி பிடித்த அடிக்கட்டையையும் முடித்தது வரை அவர் பார்த்தார்.

பதினோராவது கதவு திறந்ததும் கம்பளிச் செருப்பை உதறிவிட்டு முற்றத்துக்கு ஓடினார். மிலாதா பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது, வயதில் பத்து குறைந்திருந்தது. பக்கத்தில் கூடை, அதன் மேல் பெரணி இலை.

"பாத்தியா? ஜன்னல் அப்படியே இருக்கா?"

"கூடையில என்ன?"

"காளான்" என்றாள் மிலாதா. மழுப்பக்கூட இல்லை. அதுதான் விலேமுக்குத் தாங்கவில்லை. இன்றைக்குக் காளான் கிடையாது என்று சத்தியம் ஆயிற்றே என்று குரலை உயர்த்தினார்.

"சத்தியம் பண்ணினது நீ."

விலேம் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். அந்த உண்மை தந்த ஆத்திரத்தில் முப்பது வருஷமாகக் கட்டிக்காத்த வாய் திறந்துவிட்டது. "அது என் இடம்" என்றார்.

மிலாதா ரொட்டியைக் கீழே வைத்தாள். அவள் அவரை எப்போதும் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். மரியாதை ஏறினால் எங்கோ புகைகிறது என்று அர்த்தம்.

"உங்க இடமாங்க? அப்போ உங்க இடம் இங்கதான் இருக்குன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா? அந்தக் காலுறையில புடைச்சுக்கிட்டு இருக்கே, அது என்னங்க? முட்டிவலிக்குக் கட்டின கட்டா?"

விலேம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு ஈனசுரத்தில், எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார்.

"உங்க கால்சட்டையைத் துவைக்கிறது யாரு? நம்ம பக்கத்துக் காடெல்லாம் பைன் மரம். உங்க கால்சட்டை மடிப்புல மட்டும் வருஷா வருஷம் பீச் மரத்துச் சருகு, மதில் சுண்ணாம்பு. இந்தச் சுத்துவட்டாரத்துல மதிலும் பீச்சும் ஒண்ணா எங்க இருக்கு? பூகோளம் நீங்கதானே சொல்லிக் குடுக்கிறீங்க." குரல் இறங்கியது. "முப்பது வருஷமாப் புழுவை வெட்டி எறிஞ்சு, நறுக்கி, கோத்துக் காய வெச்சது நான். ஒரு தடவையாவது, வா மிலாதா, நீயும் வான்னு கூப்பிட்டிருக்கியா?"

விலேமுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. முற்றத்துக் கல்லைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கடைசியில் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் வாழ்நாளின் மிகப் பெரிய தியாகத்தைச் செய்தார்.

"அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே வருவோம். இங்கேயே. இனிமே ஒவ்வொரு சனிக்கிழமையும்."

மிலாதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அதுதான் ஆசையாம். அவர் அப்படித்தான் சொல்வார் என்று தெரியுமாம். அதனால்தான் சீட்டு வாங்கும்போதே கல்யாண நாள் பரிசையும் வாங்கிவிட்டாளாம். சொல்லிக்கொண்டே ஓர் உறையை நீட்டினாள். விலேமுக்கு மறுபடி கண் கலங்கியது. உறைக்குள் கெட்டி அட்டை ஒன்று. அதில் கோட்டையின் முத்திரை, கீழே குண்டு குண்டான எழுத்தில் அவர் பெயர்.

"அக்டோபர் கடைசி வரைக்கும் செல்லும்" என்றாள் மிலாதா. "எல்லாச் சனிக்கிழமையும், பெரிய சுற்று, ஒரு ஆளுக்கு. நான் வெளியிலேயே இருந்துக்கிறேன்."